அடிக்கடி கெட்டுப்போகும் கம்ப்யூட்டர்

"ஒயரையெல்லாம் பிடுங்கிப் போடுங்கப்பா. பெட்டி உள்ள வரணும்ல" என்று சுருளி மாமா சொல்லி முடிப்பதற்குள் பவதாரணி எழுந்து போய்க் கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டாள். ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் நிலைப்படிக்கு உள்ளே பாதிப் பேர், வெளியே பாதிப் பேர் என்று பாரத்தோடு நின்றார்கள். அவளுடைய அப்பா சீனிச்சாமி, எந்த அவசரமும் இல்லாதவராக, ஜன்னலோரப் பெஞ்சில் ஆஸ்பத்திரிப் போர்வைக்குள் படுத்திருந்தார்.

"நான் கழட்டித் தர்றேன் மாமா. நீங்க யாரும் தொடாதீங்க."

"யாரு கழட்டினா என்னத்தா? தூக்கிட்டு நிக்கிறாங்கல்ல. வெரசா ஆகட்டும்."

சுருளி மாமா அவள் அம்மாவின் தம்பி. இந்த வீட்டில் கல்யாணமோ கருமாதியோ, ஊருக்குச் சொல்லி விடுவதிலிருந்து பந்தலுக்குக் கம்பு ஊன்றுவது வரை அவர் பொறுப்பு. அவரைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்பது கூடத்தில் இடத்தை அடைக்கிற ஒரு சாமான். பவதாரணி மேசைக்கடியில் மண்டியிட்டு ஒவ்வொரு ஒயராக உருவினாள். எது எங்கே சொருகியிருக்கிறது என்று அவள் பார்க்கவே வேண்டியதில்லை. கம்ப்யூட்டர்ப் பெட்டி மேசைக்கடியிலிருந்து பாதி வெளியே இழுபட்டுக் கிடந்தது. பக்கத்து மூடி மூடியபடி இருந்தது. ஸ்க்ரூக்களும் அதனதன் இடத்தில் இருந்தன. அப்படியென்றால் அப்பா அதைத் திறக்கவேயில்லை. இழுக்கும்போதே விழுந்திருக்கிறார்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்து வைத்தது அவள்தான்.

வேண்டுமென்றேதான் கெடுத்தாள். ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. அதைப் புரிந்துகொள்ள அவளுடைய அம்மா செத்த நாளுக்குப் போக வேண்டும். தம்பி இனியவன் அப்போதுதான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிற கம்பெனி. ஷிப்டு முடிந்து வெளியே வந்து பார்த்தால் அக்காவின் அழைப்பும் மாமாவின் அழைப்புமாகத் திரை நிறைந்து கிடந்தது. பஸ் மாறி பஸ் ஏறி ஓடி வந்தான். இங்கே பார்த்தால் மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து கேதத்துக்கு இறங்கி வந்த ஜனம், ரோட்டில் மண் சரிவதற்குள் போடிமெட்டு ஏறிவிட வேண்டுமே என்று ஜீப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றது. "சரி, எடுத்துரலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். இனியவன் வந்து சேர்ந்தபோது கூடம் கழுவி விட்டிருந்தது.

"கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையாப்பா?" என்று மகன் கேட்டான்.

"ஒரு போனை எடுக்க முடியலையாடா?" என்று அப்பா கேட்டார்.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் பவதாரணி. கட்டிய இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து, டவுனில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் பேசாத அப்பா. போனில் கூப்பிட்டால் அப்பாவைப் பற்றிக் கேட்காத தம்பி.

பேச்சைத் திரும்பத் தொடங்கி வைத்தது கம்ப்யூட்டர். அது இனியவன் காலேஜ் படிக்கும்போது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து மாட்டியது. அவன் போன பிறகு அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுவலி வந்து, மலையேறக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மேலே இருக்கிற குத்தகைத் தோட்டத்தையே அவர் அந்தத் திரையில்தான் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு ஏலக்காய் விலை என்ன, மேட்டில் மழை உண்டா, இரண்டும் தெரியாமல் அவருக்குக் காலைக் காப்பி இறங்காது. ஆயுதபூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, புகை உள்ளே போகிற வரைக்கும் சாம்பிராணி போடுவார். ஒருமுறை தூசி அடைத்துக்கொண்டது என்று, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய்த்தூசி ஊதுகிற மிஷினைக் கொண்டுவந்து வைத்து ஊதினார். கம்ப்யூட்டர் சுத்தமானது. வீடு சுத்தமாக இரண்டு நாளானது.

ஒருநாள் திரை கறுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் உள்ளிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வந்தது. அப்பா அரை நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு மகனுக்குப் போன் போட்டார். "உன் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்றார், என்னவோ அவன் மாட்டைப் பிடித்துக் கட்டி வைத்திருப்பவர் மாதிரி. இனியவன் அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். மூடியைக் கழற்றுங்க. உள்ளே நீளமா ஒரு பட்டை இருக்கும், ரேம்னு பேரு. ரெண்டு பக்கத்துக் கிளிப்பையும் தள்ளினா எந்திரிச்சு வரும். பல்லு பல்லா இருக்கிற ஓரத்தை அழிரப்பர் வச்சுத் தேய்ச்சுட்டுத் திரும்ப அழுத்துங்க. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு அப்பா வேலை செய்தார். திரை வெளுத்தது. "வந்துருச்சுடா!" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் தோட்டத்து மழை, ஓசூர்க் குளிர் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை அடுப்படியில் நின்று கேட்டாள் பவதாரணி.

அடுத்த சில வாரம் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. வீடு பழையபடி ஊமையானது. அவள் யோசித்துப் பார்த்தாள். அப்பா கடைவீதிக்குப் போயிருந்த ஒரு நாளில் மூடியைக் கழற்றி, அந்தப் பட்டையை லேசாகத் தூக்கிவிட்டு, திரும்ப மூடி வைத்தாள்.

அதிலிருந்து அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி கெட்டுப்போனது. ஒருதரம் ரேம். ஒருதரம் மானிட்டர் ஒயர். ஒருதரம் கீபோர்டு வேலை செய்யாது. இனியவன் எலியைச் சந்தேகப்பட்டான். அப்பா தெருவில் போகிற லோடு லாரிகளைத் திட்டினார், அதிர்ச்சியில் எல்லாம் கழன்றுகொள்கிறதாம். அப்பாவுக்கு நெஞ்சில் திரும்ப ஒருமுறை வலி வந்து, குனிந்து பாரம் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் ரேமில் கை வைப்பதில்லை. மேலாக இருக்கிற ஒயரோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் போன மாதம் தகப்பனும் மகனும் எதற்கோ முட்டிக்கொண்டார்கள். ஒயர் கழன்றதற்கெல்லாம் அப்பா போன் செய்யவில்லை, அவரே சொருகிக்கொண்டார். அதனால்தான் இன்று, ஞாயிற்றுக்கிழமை, இனியவனுக்கு லீவு என்று கணக்குப் போட்டு, அப்பா குளிக்கப் போன நேரத்தில் அவள் ரேமைத் தூக்கிவிட்டாள்.

மத்தியானம் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது. "கறுப்பாத்தான்டா இருக்கு. ஒண்ணும் வரல." அவள் சிரித்துக்கொண்டே துணியைப் பிழிந்தாள். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போனவள் மேசைக்கு அந்தப் பக்கம் அவருடைய கால்களைத்தான் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஓடிவந்து, ஒயருக்குள் கிடந்தவரைப் பார்த்ததும் "கரண்டு, கரண்டு!" என்று அலறி மெயின் சுவிட்சை இறக்கினாள். கரண்டு இல்லை, இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கொண்டுவரும்போதே முடிந்துவிட்டது என்றார்கள்.

கம்ப்யூட்டர் இப்போது உள்ளறைக்குப் போயிருந்தது. அந்தப் பட்டையை மட்டும் அழுத்தி வைத்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் உள்ளறை முழுக்க உறவுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீட்டில், அப்பன் பிணம் கூடத்தில் இருக்க, மகள் கம்ப்யூட்டரைக் கழற்றுகிறாள் என்றால் போடி ஊர் முழுக்கப் பேச இதைவிட என்ன வேண்டும்? தன்னைத் தானே நினைத்து அவளுக்குக் கூசியது. அப்பா செத்துக் கிடக்கிறார், தனக்குத் தடயம் மறைக்கிற யோசனை வருகிறதே என்று வாயில் முந்தானையை வைத்து அழுதாள். எல்லோரும் அவள் அப்பாவுக்காக மட்டும் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

விடிந்ததும் இனியவன் வந்தான். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழ வந்த பெண்கள், அவன் அழாததால் என்ன செய்வதென்று தெரியாமல் பின்வாங்கினார்கள். நிமிர்ந்ததும் அவன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி:

"கம்ப்யூட்டர் எங்கக்கா?"

"உள்ள இருக்கு. ஏன்டா?"

"யாராச்சும் ஆன் பண்ணுனீங்களா?"

"இல்ல."

"பண்ணாதீங்க. நான் பார்க்கணும்."

இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று பவதாரணி நினைத்தாள். அல்லது திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஓடுகிற வண்டியின் சத்தத்தை வைத்தே எது லூசு என்று சொல்கிறவன். தானாகக் கழன்றதா, கை வைத்துக் கழற்றியதா என்று அவனுக்குத் தெரியாமலா போகும்? அம்மாவைத்தான் பார்க்க முடியவில்லை, அப்பாவை அக்காவே கொன்றுவிட்டாள் என்று இவன் நினைத்துவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் யார்?

மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் இறங்கினார்கள். தோட்டத்தில் காய் எடுக்கிற பொன்னுமணி வந்து, "முந்தாநாக்கூடப் போன் பண்ணி, மழை எப்படி, பணிக்கு எத்தன பேரு வந்தீகன்னு கேட்டாரே அண்ணன்!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தார்கள். சுருளி மாமா கோடித் துணி போர்த்தினார். இந்த முறை வானம் வெறித்திருந்தது. எடுக்கிற நேரம் வந்தபோது சுருளி மாமா இனியவனின் தோளைத் தொட்டு, "மாப்ளே, எடுத்துரலாமா? இல்ல, கொஞ்சம் பொறுக்கணுமா?" என்று கேட்டார். அம்மா சாவில் கேட்காததை இப்போது கேட்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். இனியவன் தலையை மட்டும் ஆட்டினான். தெருமுனை வரைக்கும்தான் பெண்களுக்கு வழி. கொட்டுச் சத்தம் தேய்ந்து மறைகிற வரை பவதாரணி அங்கேயே நின்றாள். பிறகு வேகமாகத் திரும்பினாள். உள்ளறையில் ஆள் இருக்காது, இதுதான் நேரம்.

உள்ளறையில் அய்யம்மாள், கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மேல் தலையணை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது களைத்த கிழவி, அசந்து தூங்கியும் போயிருந்தாள். அவளை எழுப்ப பவதாரணிக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக இனியவன் திரும்பினான். கழுவி விட்ட கூடத்தில் விளக்கு எரிந்தது. அதைக் கும்பிட்டுவிட்டு நேரே உள்ளறைக்குப் போனான். அய்யம்மாள் அப்போதுதான் எழுந்து முகம் கழுவப் போயிருந்தாள். அவன் மானிட்டரைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து ஒயர்களைச் சொருகத் தொடங்கினான்.

"இப்ப எதுக்குடா?" பவதாரணி வாசலில் நின்றாள். "நாளைக்குச் சுடுகாட்டுல பால் தெளிச்சுட்டு வந்து பாரேன். யாராச்சும் எதாச்சும் சொல்வாங்க."

"சொல்லட்டும்."

"அதுதான் கெட்டுக் கிடக்குல்ல."

அவன் பிளக்கைச் சொருகினான். இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அவனாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும்.

"இனியா, நான் ஒண்ணு சொல்லணும்."

அவன் சுவிட்சை அழுத்தினான். பீப் சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். விசிறி சுற்றியது. திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு, கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போது பாடுகிற அந்தச் சின்னப் பாட்டு, இழவு வீடென்று தெரியாமல் கணீரென்று பாடியது.

இனியவன் காதுகளைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. உடம்பு குலுங்க அழுதான்.

"எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றான். "நேத்து இந்தப் பாட்டு எனக்குக் கேட்டுச்சு. ரேமை அழுத்துங்கன்னு சொன்னேன், அழுத்தி மூடியும் மாட்டிட்டாரு. ஆன் பண்றேன்னாரு. ஸ்பீக்கர்ல பாட்டு வருது. 'என்னப்பா, வந்துருச்சா'ங்கிறேன். 'இல்லடா, கறுப்பாத்தான்டா இருக்கு, ஒண்ணும் வரல'ங்கிறாரு. 'வேற என்ன செய்யட்டும் சொல்லு'ங்கிறாரு."

பவதாரணி பெட்டியின் ஸ்க்ரூக்களைப் பார்த்தாள்.

"நான் சிரிச்சிருக்கலாம். சும்மா எதையாச்சும் சொல்லிருக்கலாம், அந்த ஒயரைப் பாருங்க, இந்த ஒயரைப் பாருங்கன்னு. 'பாட்டு கேட்டுச்சுப்பா, எதுக்குப் பொய் சொல்றீங்க, எனக்குச் சோலி இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். ஒரு சோலியும் இல்லக்கா. படுத்துத்தான் கிடந்தேன்."

வெளியே சுருளி மாமா யாரிடமோ சேர்களை எண்ணி ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பவதாரணி மெல்ல வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா இழுத்திருக்கிறார், திறந்திருக்கிறார், சரிபண்ணி மூடியும் இருக்கிறார். அந்தப் பாரம் அவள் வைத்த பாரம்தான். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, வெளுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னது அவள் வைத்ததில்லை.

இனியவன் கண்ணைத் துடைத்தான். எதையோ கண்டுபிடித்தவன் மாதிரி அவன் முகம் மாறியது.

"அக்கா, நேத்து மட்டும் இருக்காது. எப்பப் பாரு கெட்டுப்போகும்ல. எலியும் இல்ல, லாரியும் இல்ல. நல்லா மாட்டின ரேம் அப்படிக் கழலவே கழலாது. யாராச்சும் கிளிப்பைத் தள்ளினாத்தான் வரும். எனக்கு அப்பவே சந்தேகம்." அவன் அவள் கையைப் பிடித்தான். "அவரேதான் கழட்டி விட்டிருக்காரு. என்கூடப் பேசணும்னு. அவரேதானக்கா?"

பவதாரணி அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் நெஞ்சிலிருக்கிற கல் இறங்கிவிடும். அது நேரே இவன் நெஞ்சில்தான் போய் இறங்கும். இத்தனை வருஷமும் கூப்பிட்டது அப்பா என்று இவன் நினைக்கிறான். இப்போதுதான் நினைக்கிறான்.

"ஆமாடா" என்றாள்.

"நீ பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன்."

"சொல்லவேயில்ல! எப்படிக்கா? எப்படிக் கழட்டுவாரு?" பள்ளிக்கூடத்துப் பிள்ளை கதை கேட்கிற மாதிரி அவன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான்.

"வீட்டுல யாரும் இல்லாத நேரம் பார்ப்பாரு" என்று அவள் தொடங்கினாள். "தெருவை ஒருதரம் எட்டிப் பார்த்துட்டு வந்து கதவச் சாத்துவாரு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு தரையில துண்டை விரிச்சு அதுமேல பெட்டியைச் சாய்ப்பாரு. ஸ்க்ரூவக் கழட்டி வாயில வச்சுக்குவாரு, கீழ வச்சா உருண்டுரும்ல. உள்ள கை விடும்போது அவருக்குப் பயமா இருக்கும். நெசமாவே கெட்டுப்போயிருமோன்னு. கிளிப்பை லேசா, ரொம்ப லேசாத் தள்ளுவாரு. பட்டை இந்த ஓரம் மட்டும் கொஞ்சம் எந்திரிக்கணும். முழுசா வந்துட்டா உனக்குச் சந்தேகம் வந்துரும்னு..."

இனியவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. சொல்லச் சொல்ல அவளுடைய வலது கை தானாக மடியிலிருந்து எழுந்து, பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாக, இல்லாத ஒரு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தது. அவன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்" என்றான். "அப்புறம்?"